பத்து இலத்திரன்களின் பள்ளத்தாக்கு

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் இருவகைக் கைகள் உழைக்கின்றன. விடியற்காலைப் பெரட்டுக் கலைந்ததும் மலையேறி, நிரை பிடித்து நின்று, இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கொழுந்தைக் கிள்ளி, முதுகிலே தொங்கும் கூடைக்குள் தோளுக்கு மேலாக எறிகின்ற கை ஒன்று. கெஹெல்கமு ஓயாவின் கரையிலும், அதில் வந்து விழும் சிற்றோடைகளின் படுகையிலும் குழி தோண்டி, சரளை மண்ணைக் கூடையில் அள்ளி நீரிலே சுழற்றி, இலேசான மணலும் சேறும் வழிந்தோடிய பின் அடியில் தங்கும் கனமான கற்களிடையே ஒரு நீலத்தின் மின்னலைத் தேடுகின்ற கை மற்றொன்று. அந்தச் சரளைப் படிவைச் சிங்களத்தார் 'இல்லம' என்பர். அச்சொல் நம் செவியில் வீடு என்னும் பொருளோடு வந்து விழுவது தற்செயலே ஆனாலும், கற்கள் நெடுங்காலம் குடியிருந்த இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

கொழுந்துக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், இரண்டும் ஒரே மண்ணில் கிடைப்பன என்பதற்கு மேல் நம்மில் பெரும்பாலோர்க்குச் சொல்ல ஒன்றும் இராது. ஒன்று வாடும், மற்றது வாடாது. ஒன்றை மலிவாக விற்கிறோம், மற்றதைப் பெட்டகத்தில் பூட்டுகிறோம். ஆனால் இரசாயன சாஸ்திரத்தின் கண்கொண்டு பார்ப்பவர்க்கு, தேயிலைச் செடி வேரால் உறிஞ்சி இலையில் சேர்க்கும் பொருள்களில் மிகவும் விசேஷமானவையும், ஆற்றுச் சரளையில் ஒளிரும் கற்களைக் கட்டியெழுப்பிய பொருள்களும், பெயரால் வேறுபட்டு இலத்திரன் தொகையால் ஒன்றுபட்ட ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது புலப்படும். அந்தக் குடும்பத்தின் அடையாளம் பத்து என்னும் எண்.

ஓர் அணுவின் ஸ்வபாவத்தை அறிவதற்கு இரண்டு எண்கள் முக்கியமானவை: நடுவிலுள்ள கருவில் எத்தனை புரோத்தன்கள் இருக்கின்றன என்பது ஒன்று, அக்கருவைச் சூழ்ந்து எத்தனை இலத்திரன்கள் இருக்கின்றன என்பது மற்றொன்று. முதலாவது எண் அணுவின் குலப்பெயரைப் போன்றது. அது மாறினால் பொருளே மாறிவிடும். எட்டு என்றால் ஒட்சிசன், பதின்மூன்று என்றால் அலுமினியம். இந்த எண்ணை வெறும் வரிசை இலக்கமாகக் கருதிவந்த காலத்தில், அது கருவின் உண்மையான மின்னேற்றத்தைக் குறிப்பது என்று எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்ணை அளந்து 1913ஆம் ஆண்டில் காட்டியவர் ஹென்றி மோஸ்லி என்னும் ஆங்கில இளைஞர். இரண்டு ஆண்டுகளுக்குள், 27ஆவது வயதில், கலிப்பொலிப் போர்க்களத்திலே அவர் மாண்டது விஞ்ஞானத்துக்கு நேர்ந்த பெரு நஷ்டங்களில் ஒன்று. இரண்டாவது எண்ணோ அவ்வளவு நிலையானது அன்று. தன்னிடமுள்ள இலத்திரனை ஓர் அணு பிறிதொன்றுக்குக் கொடுக்கலாம். பிறிதொன்றிடமிருந்து வாங்கவும் செய்யலாம். அவ்வாறு கொடுத்தோ வாங்கியோ மின்னேற்றம் பெற்ற அணுவையே அயன் என்கிறோம்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் கண்டபடி நிகழ்வதில்லை. பத்து இலத்திரன்களையுடைய நியோன் என்னும் வாயு எதனோடும் சேராமல் தன்னிறைவோடு இருப்பது. அதன் இலத்திரன் அடுக்குகளில் வெற்றிடமும் இல்லை, மிச்சமும் இல்லை. அதன் இருபுறத்து அயலாரும் அந்த நிறைவை நோக்கியே நகர்கின்றனர். ஒட்சிசன் எட்டிலிருந்து இரண்டை வாங்கியும், புளோரீன் ஒன்பதிலிருந்து ஒன்றை வாங்கியும், சோடியம் பதினொன்றிலிருந்து ஒன்றைக் கொடுத்தும், மகனீசியம் பன்னிரண்டிலிருந்து இரண்டைக் கொடுத்தும், அலுமினியம் பதின்மூன்றிலிருந்து மூன்றைக் கொடுத்தும் பத்து என்ற அந்த ஒரே எண்ணுக்கு வந்து சேர்கின்றன. ஏழையுடைய நைதரசனும் பதினான்கையுடைய சிலிக்கனும் முறையே மூன்றை வாங்கியும் நான்கைக் கொடுத்தும் அங்கேயே வரக்கூடும். இவ்வாறு இலத்திரன் தொகையால் சமமான அணுக்களையும் அயன்களையும் சம இலத்திரன் இனங்கள் என்று சொல்லலாம். தனி அணுக்கள் மட்டுமல்ல, அணுக்கூட்டங்களும் இக்கணக்கில் சேரும்: ஓர் ஒட்சிசனின் எட்டையும் இரண்டு ஐதரசன்களின் இரண்டையும் கூட்டிப் பாருங்கள், நாம் அருந்தும் நீரின் ஒவ்வொரு மூலக்கூறும் பத்து இலத்திரன்களை உடையதுதான். செடிக்கு உரமாக இடும் அமோனியத்தை எண்ணினாலும் பத்து. மண்ணின் புளிப்புக்குக் காரணமான ஐதரோனியத்தை எண்ணினாலும் பத்து.

தொகை ஒன்றாயிருந்தால் தன்மையும் ஒன்றாயிருக்க வேண்டாமா என்ற கேள்வி இங்கே எழுவது இயல்பு. பின்னல் கோலாட்டத்தைப் பார்த்தவர்கள் இதற்கான விடையை எளிதில் உணர்வார்கள். நடுவிலுள்ள கம்பத்தின் உச்சியிலிருந்து பத்து வண்ணக் கயிறுகள் தொங்க, பத்துப் பெண்கள் ஆளுக்கொன்றைப் பற்றிக்கொண்டு உள்ளும் புறமுமாகச் சுற்றி ஆடுவர். பின்னல் வளர வளரக் கயிற்றின் நீளம் குறையும். ஆடுகிறவர்கள் அதே பத்துப் பேராயிருக்க, அவர்களது வட்டம் மட்டும் கம்பத்தை நோக்கிச் சுருங்கிக்கொண்டே வரும். அணுவில் அந்த வேலையைச் செய்வது கருவின் ஆகர்ஷணம். அதே பத்து இலத்திரன்களை ஒட்சிசனில் எட்டுப் புரோத்தன்களும், சோடியத்தில் பதினொன்றும், அலுமினியத்தில் பதின்மூன்றும் இழுக்கின்றன. இழுப்பு மிகும்தோறும் வட்டம் குறுகுகிறது. ஒரு மீற்றரை ஒரு லட்சம் கோடிப் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்குக்குப் பிக்கோமீற்றர் என்று பெயர். அந்த அளவையில் ஒட்சிசன் அயனின் ஆரை ஏறக்குறைய 140, புளோரீனுடையது 133, சோடியத்தினது 102, மகனீசியத்தினது 72, அலுமினியத்தினது 53.5. பளிங்கு ஒன்றில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு அயன்களின் இடைவெளியை மட்டுமே அளக்க முடியும், எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்பதை நேரே காண முடியாது என்றிருந்த நிலையில், 1927இல் லைனஸ் போலிங், இரண்டு அயன்களும் சமமான இலத்திரன்களை உடைய பளிங்குகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் கரு இழுப்பு விகிதத்தைக்கொண்டே அந்த இடைவெளியைப் பங்கிட்டார் என்பதிலிருந்து, இந்த ஒற்றுமை விஞ்ஞானிகளுக்கு எத்துணைப் பயனுள்ள சாதனமாயிற்று என்பது விளங்கும்.

அளவில் காணும் இவ்வேற்றுமை பொருள்களின் வலிமையிலும் வந்து நிற்கிறது. சோடியம் புளோரைட்டும் மகனீசியம் ஒட்சைட்டும் ஒரே விதமான பளிங்கு அமைப்பு உடையன. இரண்டிலும் உள்ள எல்லா அயன்களுக்கும் இலத்திரன்கள் பத்தே. ஆயினும் முதலாவதில் ஒற்றை மின்னேற்றங்களும், இரண்டாவதில் இரட்டை மின்னேற்றங்களும் ஒன்றையொன்று கவர்ந்து நிற்பதால், முதலாவது ஆயிரம் பாகை செல்சியசுக்குச் சற்றுக் கீழேயே உருகி நீராய் ஓட, இரண்டாவது 2,800 பாகையிலும் அசையாமல், உலைகளின் உட்சுவருக்குச் செங்கல்லாகும் தகுதியைப் பெற்றிருக்கிறது.

இனி ஆற்றங்கரைக்கு வருவோம். நீலமும் மாணிக்கமும் வேறு வேறு கற்களாக நமக்குத் தோன்றினாலும், இரண்டும் கொரண்டம் என்னும் ஒரே கனியம். அந்த உலகப் பெயரே குருந்தம் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது என்பதை நம் மாணாக்கர்கள் அறிந்திருக்க வேண்டும். இரண்டு அலுமினியத்துக்கு மூன்று ஒட்சிசன் என்ற விகிதத்தில் அமைந்த பளிங்கு அது. மூன்று இலத்திரனைக் கொடுத்த அலுமினியமும் இரண்டை வாங்கிய ஒட்சிசனும் ஆகிய எல்லாம் பத்துப் பத்தாக, சிறிய அயன்கள் பெரிய அயன்களின் இடைவெளிகளில் நெருங்கிப் பொருந்தி நிற்பதனால், கடினத்தில் வைரத்துக்கு அடுத்த ஒன்பதாம் படியை அது பெற்றிருக்கிறது. உண்மையில் அந்தப் பிணைப்பு முழுவதும் மின்கவர்ச்சியால் ஆனதன்று, ஓரளவு இலத்திரன்களைப் பொதுவில் வைத்துக்கொள்ளும் பங்காளித்தனமும் அதில் உண்டு. எனினும் பத்து என்ற கணக்கு நமக்கு வழிகாட்டப் போதுமானது. அலுமினியத்தோடு மகனீசியமும் சேர்ந்தால் ஸ்பைனல் என்ற கல்; அங்கும் எல்லாம் பத்து. அலுமினியம், சிலிக்கன், ஒட்சிசன், புளோரீன் என்னும் நான்கும் கூடினால் தோபாஸ், அதிலும் அவ்வாறே. தோபாஸில் புளோரீன் நிற்க வேண்டிய சில இடங்களில் ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த ஐதரொட்சைட்டு வந்து அமர்ந்துகொள்வதுண்டு. அதற்கும் பத்து இலத்திரன், ஒரே எதிர்மின்னேற்றம், ஏறத்தாழ ஒரே பருமன் என்பதால் பளிங்கு அந்த மாற்றத்தைப் பொறுத்துக்கொள்கிறது.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், மதுரையின் இரத்தினக் கடைவீதியைச் சொல்லிவரும் இளங்கோவடிகள், பிறப்பால் ஒன்றாயும் அழகால் ஐந்தாயும் வேறுபட்ட மணிகள் என்று ஒரு வகையைக் குறிப்பிடுகிறார். வண்ணத்தைக் கடந்து பிறப்பைப் பார்த்த அந்த நோக்கு என்னை எப்பொழுதும் வியக்கச் செய்வது. ஏனெனில் தூய கொரண்டத்துக்கு நிறமே இல்லை. பத்து இலத்திரன்களும் நிறைந்த அடுக்குகளில் ஒளியை ஏற்றுக் கிளர்ந்தெழத்தக்க தளர்ந்த இலத்திரன் எதுவும் இல்லாதபடியால், கட்புல ஒளி அதனூடே தடையின்றிப் போய்விடுகிறது. அலுமினியத்தின் இருக்கைகளில் ஆயிரத்தில் சிலவற்றிலோ அதற்கும் குறைவாகவோ பத்தின் குடும்பத்தைச் சேராத விருந்தாளிகள் அமரும்பொழுதே வர்ணம் பிறக்கிறது. இருபத்தொரு இலத்திரன்களையுடைய குரோமியம் அயன் அமர்ந்தால் மாணிக்கச் சிவப்பு. இரும்பும் தைத்தானியமும் அருகருகே அமர்ந்து, ஒளிபட்டவுடன் ஓர் இலத்திரன் இரும்பிலிருந்து தைத்தானியத்துக்குத் தாவினால் அந்த உலகப் புகழ்பெற்ற நீலம். மூன்று இலத்திரன் இழந்த இரும்பு மட்டும் இருந்தால் பல கற்களில் மஞ்சள். இரும்பு குறைந்த சில மஞ்சட் கற்களிலோ, நிறத்துக்குக் காரணம் ஒரு சொந்தக்காரனே: மகனீசியம் அலுமினியத்தின் இருக்கையில் அமர்கிறது, இலத்திரன் பத்து என்பதில் குறைவில்லை, ஆனால் கருவில் ஒரு புரோத்தன் குறைவு. அந்த ஒன்றின் குறைவை ஈடுசெய்ய அயலிலுள்ள ஒட்சிசன் ஓர் இலத்திரனை இழந்து நிற்க, அந்த வெற்றிடமே ஒளியை விழுங்கிக் கல்லை மஞ்சளாக்கிவிடுகிறது. எண்ணிக்கையில் சமமானவர்கள் என்பதற்காக ஒருவர் இடத்தில் மற்றவரை வைத்தால் ஒன்றும் நேராது என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இதனைவிட அழகிய சான்று எனக்குத் தெரியாது.

ஸ்பைனலும் அதே குரோமியத்தால் சிவக்கும். ஒரே குடும்பத்து அயன்களால் ஆன கட்டடம், ஒரே விருந்தாளி, ஏறக்குறைய ஒரே சிவப்பு. பார்க்கும் கண் எப்படிப் பிரித்தறியும்? இங்கிலாந்து மன்னர்களின் முடியில் முன்புறம் பதித்திருக்கும் 170 கரட் எடையுள்ள கல்லுக்குக் கறுப்பு இளவரசரின் மாணிக்கம் என்றே பெயர்; அது மாணிக்கம் அன்று, ஸ்பைனல். இவ்விரண்டும் வேறான கனியங்கள் என்பதை ரோமே டி லீல் என்ற பிரெஞ்சு அறிஞர் 1783இல் தெளிவாக்கும் வரை பல நூற்றாண்டுகள் அரசர்களும் வணிகர்களும் ஒன்றாகவே கொண்டாடி வந்தனர்.

கண் ஏமாந்ததைப் பற்றி ஆச்சரியப்படுவதற்கில்லை. எக்ஸ் கதிரும் இங்கே ஏமாந்திருக்கிறது என்பதே சுவையான விருத்தாந்தம். தோட்டத்து உரக்காம்பராவில் அடுக்கியிருக்கும் மூட்டைகளில் ஒரு வகை பொற்றாசியம் குளோரைட்டு. மண்ணுக்குச் சாம்பற் சத்து ஊட்டுவதற்காக இடுவது. கேம்பிரிட்ஜில் 23 வயதே நிரம்பிய லோரன்ஸ் பிராக் 1913இல் சாதாரண உப்பின் பளிங்கையும் இந்தப் பொற்றாசிய உப்பின் பளிங்கையும் எக்ஸ் கதிர்களுக்கு உட்படுத்தினார். இரண்டும் ஒரே விதமாகக் கட்டப்பட்டவை என்று நம்பக் காரணமிருந்தும், சாதாரண உப்பு இருவகை அணுக்கள் மாறிமாறி நிற்பதைக் காட்டிக்கொடுக்க, பொற்றாசிய உப்போ ஒரே வகை அணுவால் ஆனதுபோல, பாதி அளவுள்ள எளிய கனசதுரங்களின் அடுக்காகத் தோற்றமளித்தது. அணுக்களின் நிறை நெருங்கியிருப்பதே காரணம் என்று அப்பொழுது கருதப்பட்டது. எக்ஸ் கதிரைச் சிதறச் செய்வது இலத்திரன்களே என்பது தெளிவான பின்னர்தான் முழு உண்மையும் விளங்கிற்று: பத்தொன்பதிலிருந்து ஒன்றைக் கொடுத்த பொற்றாசியத்துக்கும், பதினேழுக்கு ஒன்றை வாங்கிய குளோரீனுக்கும் பதினெட்டுப் பதினெட்டு இலத்திரன்கள், எக்ஸ் கதிருக்கு அவை இரட்டைப் பிள்ளைகள். சாதாரண உப்பில் சோடியத்துக்குப் பத்தும் குளோரீனுக்குப் பதினெட்டுமாக இருப்பதால் அங்கே அந்த மயக்கம் இல்லை. இந்த ஆராய்ச்சிகளுக்காகத் தந்தையோடு சேர்ந்து 1915இல் நொபெல் பரிசு பெற்ற லோரன்ஸ் பிராக்குக்கு அப்பொழுது வயது 25.

நம் ஆற்றுச் சரளையின் ஸ்பைனலிலும் இதே மயக்கம் நீடித்தது. எந்த இருக்கையில் மகனீசியம், எந்த இருக்கையில் அலுமினியம் என்று எக்ஸ் கதிரைக் கேட்டால், இரண்டுக்கும் பத்தே இலத்திரன்கள் ஆதலால், அதனால் திட்டமாக விடை சொல்ல இயலவில்லை. இலத்திரன்களைப் பொருட்படுத்தாமல் கருவை மட்டுமே தொட்டுச் சிதறும் நியூத்திரன் கற்றையைக் கொண்டு 1952இல் ஜி. ஈ. பேக்கன் அந்த வழக்கைத் தீர்த்தார்; நான்கு ஒட்சிசன்கள் சூழ்ந்த சிறிய இடங்களில் மகனீசியமும், ஆறு சூழ்ந்த இடங்களில் அலுமினியமும் பெரும்பாலும் அமர்ந்திருந்தன. அதே 1952இல் இலங்கைக்கு மற்றொரு கௌரவமும் வாய்த்தது. பழுப்புநிறப் பெரிடோட் என்று பல காலமாக விற்கப்பட்டுவந்த ஓர் இலங்கைக் கல்லை இலண்டனில் கிளாரிங்புல்லும் ஹேயும் பரிசோதித்து, அது பெரிடோட்டே அன்று, மகனீசியமும் அலுமினியமும் போரனும் ஒட்சிசனும் சேர்ந்த புதுக் கனியம் என்று கண்டு, நம் தீவின் பெயராலேயே அதற்குச் சின்ஹலைட் என்று நாமகரணம் செய்தனர். பெரிடோட்டின் அதே கட்டட அமைப்பு. ஆனால் பத்து இலத்திரனுடைய சிலிக்கன் அமர வேண்டிய இடத்தில் இரண்டே இலத்திரனுடைய போரன் புகுந்து, அந்த மின்னேற்றக் குறைவை ஈடுசெய்ய மகனீசியங்களில் ஒன்று அலுமினியத்துக்கு இடம் விட்டிருந்தது.

ஆற்றை விட்டு மலைமேல் ஏறினால், அங்கே அதே உறவினர்கள் கல்லின் இறுக்கத்தை விட்டுக் கரைந்து உலவுகின்றனர். தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி. அமிலகார எண் 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்டிருந்தால் அது செழிக்கும். அந்தப் புளிப்பிலேதான் களிமண்ணில் கட்டுண்டு கிடக்கும் அலுமினியம் அவிழ்ந்து மூன்று மின்னேற்றங்களோடு நீரில் இறங்குகிறது. பெரும்பாலான பயிர்களின் வேர்நுனிக்கு அது நஞ்சு. தேயிலையோ அந்த நஞ்சை உறிஞ்சி இலையிலே சேமிப்பது மட்டுமன்றி, அதனால் வேர் விருத்தியும் பெறுகிறது. கொழுந்தில் அது குறைவு. செடியின் அடியில் பல காலம் தங்கிய முற்றிய இலைகளில் உலர்ந்த நிலையில் ஒரு கிலோவுக்கு 30 கிராம் வரை அலுமினியம் இருக்கக் கண்டிருக்கின்றனர். பத்துக் குடும்பத்தின் எதிர்மின் உறுப்பினனாகிய புளோரைட்டையும் அதே இலைகள் சேர்த்து வைக்கின்றன. அலுமினியமும் புளோரைட்டும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. இரண்டு இலையும் ஒரு குருத்தும் என்று தோட்டத்தில் வற்புறுத்துவது சுவைக்காகத்தான். ஆனால் முற்றிய இலையும் தண்டும் சேர்த்து அழுத்திய கட்டித் தேயிலையை நாள் முழுதும் காய்ச்சிக் குடிக்கும் திபெத்து மக்களிடையே புளோரைட்டு மிகுதியால் பற்களும் எலும்புகளும் கெடும் நோய் காணப்படுவதை நினைத்தால், அந்த வற்புறுத்தல் உடலுக்கும் நன்மையே என்று தோன்றுகிறது. பல்லின் கனியத்தில் ஐதரொட்சைட்டு நிற்கும் இடத்தில் புளோரைட்டு நுழைகிறது. தோபாஸில் நடந்த அதே இடமாற்றந்தான், அதே சமத்தினால்! அளவாக நுழைந்தால் பல் உறுதிபெறும். மிஞ்சினால், நம் வடமத்திய மாகாணத்து நிலத்தடி நீரைக் குடிக்கும் ஊர்களில் காண்பதுபோல், பல் கறைபட்டுப் போகும்.

மகனீசியத்தின் கதை வேறு. பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூற்றின் நடுவிலும் ஒரு மகனீசியம் அயன் அமர்ந்திருக்கிறது. அது குறைந்தால் முதிர்ந்த இலைகளில் நரம்புகள் பச்சையாக இருக்க இடைப்பட்ட பகுதி வெளிறிவிடும். மழை மிகுந்த சரிவுகளில் அது எளிதில் அடித்துச் செல்லப்படுவதனாலேயே, கவ்வாத்து முடிந்தவுடன் டொலமைட் தூவும் வழக்கம் தோட்டங்களில் இருந்து வருகிறது. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், தலவாக்கலையில் இருந்துகொண்டு, இத்தகைய மண் வைத்தியத்தைத் தலைமுறைகளாகத் துரைமார்க்கும் கங்காணிமார்க்கும் போதித்து வந்திருக்கிறது. அலுமினியமும் மகனீசியமும் ஸ்பைனலில் அருகருகே இருக்கை பெற்றுச் சமாதானமாக வாழ, புளிப்பு மண்ணிலோ, மூன்று மின்னேற்றமுடைய சிறிய அலுமினியம் இரண்டு மின்னேற்றமுடைய மகனீசியத்தை மண்துகள்களின் பரப்பிலிருந்து தள்ளிவிட, தள்ளப்பட்டது மழைநீரோடு ஆற்றுக்குப் போய்விடுகிறது. இலத்திரன் தொகை ஒன்றானாலும் ஆகர்ஷணத்தில் ஏற்றத்தாழ்வு இருந்தால் என்ன நேரும் என்பதை, டொலமைட் மூட்டையைச் சுமந்து மேடு ஏறும் தொழிலாளியின் தோள் நன்கு அறியும்.

கொழுந்தில் மங்கனீசும் மிகுதி. ஒரு கிலோத் தூளில் பல நூறு மில்லிகிராம் இருக்கும். இரண்டு இலத்திரன் இழந்த மங்கனீசுக்கும், மூன்று இழந்த இரும்புக்கும் இருபத்து மூன்று இலத்திரன்களே. ஆனால் மங்கனீசு தேத்தண்ணியின் நிறத்தைக் கெடுப்பதில்லை. துருவேறிய பாத்திரத்திலோ இரும்பு கலந்த ஊற்றுநீரிலோ சாயம் ஊற்றிப் பார்த்த பெண்களுக்குத்தான் தெரியும், அது எப்படி மைபோலக் கறுத்துவிடும் என்று. மிகையான ஒரு புரோத்தனின் இழுப்பினால் இரும்பு, தேயிலையின் துவர்ப்புப் பொருளிலுள்ள ஒட்சிசன்களைத் தன்பால் வலிந்து பற்றிக்கொள்கிறது. அந்தப் பற்றே மையின் கருமை.

லயத்து அடுப்பின்மேல் கொதிக்கும் அலுமினியக் கேத்தலும் இந்தக் குடும்பத்தின் வழி வந்ததே. அலுமினிய ஒட்சைட்டைக் கிரையோலைட் என்ற உப்பின் உருகலில் கரைத்து மின்சாரம் பாய்ச்சும் முறையை 1886இல் அமெரிக்காவில் ஹோலும் பிரான்சில் ஹெரூவும், ஒருவரை ஒருவர் அறியாமல், கண்டுபிடித்தனர். அந்த உலையில் உருகி நிற்பவை சோடியம், அலுமினியம், புளோரைட்டு, ஒட்சைட்டு என்னும் நான்கும். எல்லாம் பத்துப் பத்து. மின்சாரம் மூன்று இலத்திரன்களைத் திருப்பிக் கொடுக்கும்பொழுதே அலுமினியம் குடும்பத்தை விட்டுப் பிரிந்து, பதின்மூன்று இலத்திரனுடைய உலோகமாக அடியில் தேங்குகிறது.

அந்த அடுப்பின் புகையைப் பற்றியும் ஒரு சொல். 1919இல் அமெரிக்கரான இர்விங் லாங்முயர், இலத்திரன் தொகையும் அமைப்பும் ஒத்த மூலக்கூறுகள் பௌதிகக் குணங்களிலும் ஒத்திருக்கும் என்று எடுத்துக்காட்டியபோது, அவர் முன்வைத்த முதன்மையான உதாரணம் நைதரசனும் காபன் ஓரொட்சைட்டும். இரண்டுக்கும் இலத்திரன்கள் பதினான்கு. நைதரசன் மறை 196 பாகையிலும், மற்றது மறை 191.5 பாகையிலும் கொதிக்கின்றன. நிறமும் மணமும் இரண்டுக்கும் இல்லை. ஆனால் நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்காகிய நைதரசன் இரத்தத்தைத் தொடுவதில்லை. சன்னலில்லாத அறையில் ஈரவிறகு புகையும்பொழுது எழும் காபன் ஓரொட்சைட்டோ, ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பலத்தோடு குருதியின் செம்பொருளைப் பற்றி உயிரை வாங்கிவிடும். ஒத்த எடையும் ஒத்த கொதிநிலையும் உள்ள அந்த இரண்டினுள் ஒன்றில் பதினான்கு இலத்திரன்களும் இரு கருக்களிடையே சமமாகவும், மற்றதில் ஓரஞ்சாய்ந்தும் நிற்கின்றன என்பதே வேற்றுமை. லயங்களுக்குப் புகைபோக்கி வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பத்திலிருந்து இரண்டுக்கு இறங்கி, இந்த விஷயத்தில் ஒரு தமிழர் ஆற்றிய பணியையும் சொல்ல வேண்டும். ஓர் ஐதரசன் அணு மேலும் ஓர் இலத்திரனை ஏற்றுக்கொண்டால், ஒரு புரோத்தன் இரண்டு இலத்திரன்களைத் தாங்கும் எதிர்மின் அயன் உண்டாகும். ஈலியத்துக்கும் இலத்திரன் இரண்டு. ஒன்றை இழந்த இலிதியத்துக்கும் இரண்டு. ஈலியத்திலிருந்து ஓர் இலத்திரனைப் பிரிக்க 24.6 இலத்திரன்வோற்று சக்தியும், இலிதிய அயனிலிருந்து பிரிக்க 75.6உம் வேண்டும், அந்த ஐதரசன் அயனுக்கோ 0.75 போதும், நூற்றில் ஒரு பங்கு. ஒற்றைப் புரோத்தன் இரண்டாவது இலத்திரனை அவ்வளவு தளர்வாகத்தான் பிடித்திருக்கிறது. சூரியனின் மேற்பரப்பில் இந்தத் தளர்ந்த அயனே ஒளியை விழுங்கியும் உமிழ்ந்தும் வருகிறது என்ற கருத்தை 1939இல் ரூப்பர்ட் வில்ட் வெளியிட, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவில் பேராசிரியராயிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1940களின் நடுவில் அவ்வயனின் ஒளியுறிஞ்சும் அளவை வெகு நுட்பமாகக் கணித்து அக்கருத்தை நிலைநாட்டினார். அதே இரண்டு இலத்திரன்களை ஈலியத்தைப்போல இறுகப் பற்றியிருந்தால், கட்புல ஒளியின் மெல்லிய சக்தி அவற்றை அசைத்திராது; நாம் காணும் சூரிய ஒளியின் தன்மையும் வேறாயிருந்திருக்கும்.

பனி விலகும் காலையில் அந்த ஒளி எட்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமான பயணத்தை முடித்துக்கொண்டு காசல்ரீ நீர்த்தேக்கத்தின்மேல் படிந்து, பின்பு மேட்டின்மேல் ஏறிக் கொழுந்துகளில் விழுகிறது. அங்கே பச்சையத்தின் நடுவில், பத்து இலத்திரன்களோடும் பன்னிரண்டு புரோத்தன்களோடும், மகனீசியம் அதற்காகக் காத்திருக்கிறது.